க/பெ. முனிரத்தினம்

ஒரகடம் கூட்ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, கோதண்டராமனின் மளிகைக் கடை இருந்தது. ஐம்பத்தாறில் கீற்றுக் கொட்டகையாக ஆரம்பித்த கடை. எழுபதில் ஓடு போட்டார். எழுபத்தைந்தில் செங்கல்பட்டிலிருந்து பெயின்டரை வரவழைத்து, தகரப் பலகையில் சிவப்பு எழுத்தில் 'கோதண்டராமன் ஸ்டோர்ஸ்' என்று எழுதி மாட்டினார். அந்தப் பலகையை வாரம் தவறாமல் துடைத்தவள் அவர் மனைவி செங்கமலம். அதிலிருந்த பெயரை ஒரு தடவைகூட வாயால் சொல்லாதவளும் அவள்தான்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். யாராவது பெயர் கேட்டால் பலகையைக் காட்டுவாள். பலகை வருவதற்கு முன்னால், பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களைப் பார்ப்பாள், அவர்கள் சொல்லிவிடுவார்கள். கோயிலுக்குப் போனால், "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பாள். கோதண்டராமனில் ராமன் இருக்கிறாரே என்று ராமர் பெயரையும் ஒதுக்கிவிட்டாள். ராமக்கா என்று ஒரு தயிர்க்காரி வருவாள். அவளை "ஏ தயிரு" என்று கூப்பிட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். கோதண்டராமனுக்கு இதெல்லாம் உள்ளூரப் பெருமைதான். வெளியே மட்டும், "இதுக்கு நாட்டுப்புறம்னு பேரு" என்று கேலி பேசுவார்.

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சுற்றுப்பட்ட ஊர்களில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று, வாங்குகிற சாமானை வைத்தே சொல்லிவிடுவார். ஓமமும் சுக்கும் போனால் பிள்ளை பிறந்திருக்கிறது. திடீரென்று இரண்டு கிலோ சர்க்கரையும் ரவையும் போனால் பெண் பார்க்க வருகிறார்கள். "எனுக்குத் தெரியாம இந்த ரோட்ல ஒண்ணும் நடக்காது" என்று கல்லாவில் உட்கார்ந்துகொண்டு சொல்வார். தன் வீட்டைப் பற்றி மட்டும் அவர் யோசித்ததே கிடையாது. யோசிக்க என்ன இருக்கிறது? பெரியவன் மெட்ராசில் கம்பெனி வேலையில் இருந்தான். சின்னவள் லீலாவை மறைமலை நகரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீடு தன்பாட்டுக்கு நடந்தது.

கடைக்கு ஒட்டினாற்போல் முனிரத்தினத்தின் வாடகை சைக்கிள் கடை இருந்தது. முனிரத்தினத்துக்குப் பெண்டாட்டி சின்ன வயதிலேயே போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை. காலையில் டீ இவர்கள் வீட்டில்தான். பொங்கலுக்கு இலையும் இங்கேதான். செங்கமலத்தை "தங்கச்சி" என்பார். அவள் "அண்ணே" என்பாள். முனிரத்தினத்துக்குக் கொஞ்சம் காது மந்தம். எண்பதில் மாரடைப்பில் போனபோது, கோதண்டராமன் பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். மூன்று நாள் கடை திறக்கவில்லை.

எண்பத்து மூன்று ஆடி மாதம், காலை பத்து மணிக்குத் தபால்காரர் கண்ணப்பன் ஒரு ரிஜிஸ்தர் கவரோடு வந்தார். கடையில் மண்ணூர் கிளியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கிளியம்மாள் காதில் விழுந்தது, பொழுது சாய்வதற்குள் நாலு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

"தங்கச்சிக்கு வந்துகீதுபா" என்று கண்ணப்பன் கவரைத் திருப்பிப் படித்தார். "செங்கமலம். கணவர் பெயர்..." அதோடு நிறுத்திவிட்டார்.

"படியேன். எம்பேரு உனுக்குத் தெரியாதா?" என்றார் கோதண்டராமன், தராசில் கண் வைத்தபடி.

"நீயே பாத்துக்கோ" என்று கவரை நீட்டினார் கண்ணப்பன். அதற்குள் கிளியம்மாள், "இன்னாய்யா முழுங்குற? படிய்யா" என்றாள். அந்த மனுஷன் பாவம், குரலைத் தாழ்த்திப் படித்தார்.

"க/பெ. முனிரத்தினம்."

கோதண்டராமன் சிரித்தார். முதலில் சிரிப்புதான் வந்தது. கவரை வாங்கிப் பிரித்தார். உள்ளேயும் அப்படியே இருந்தது. ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். கடை மனையில் முன்பாதி போகிறது. மனைக்குச் சொந்தக்காரியான செங்கமலத்துக்கு மாற்று இடம் கொடுப்பார்கள். அவள் தன் கணவர் முனிரத்தினத்துடன் வெள்ளிக்கிழமை செங்கல்பட்டு ஆபீசுக்கு வர வேண்டும். மனை செங்கமலத்தின் அப்பா நாகப்பன் மகளுக்கென்று கொடுத்தது. அவள் பெயரில் இருப்பது சரிதான். ஆனால் இது? ஆதாரம் என்று கீழே ஒரு வரி போட்டிருந்தார்கள்: 1962ஆம் வருடப் பதிவேடு, உரிமையாளர் கைநாட்டுடன்.

அறுபத்திரண்டு. லீலா பிறந்தது அறுபத்து மூன்று.

அந்தக் கணக்கை அவர் போடவில்லை. அது தானே வந்து விழுந்தது. கிளியம்மாள் கேட்டது புளி. அவர் துவரம்பருப்பைக் கட்டிக் கொடுத்தார். அவளும் எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு நடந்தாள். தப்பாகக் கட்டினதைத் திருப்பிக் கொடுக்காமல் விடுகிற ஜென்மம் அல்ல கிளியம்மாள். அப்படியும் போனாள் என்றால், எவ்வளவு அவசரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லாவுக்கு மேலே லீலாவின் கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. அதை அவர் ஏறிட்டுப் பார்த்தார். மூக்கைப் பார்த்தார். இருபது வருஷமாகத் தன் அம்மாவின் மூக்கு என்று தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மூக்கு. இப்போது அது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. பெற்ற மகளின் படத்தை இப்படிப் பார்க்கிற தகப்பன் என்ன தகப்பன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கண்ணை மட்டும் எடுக்க முடியவில்லை.

ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. ஆண்பிள்ளைகளுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் அடைத்துப்போகும். ஆகாததை எல்லாம் யோசிக்க மனசு மட்டும் திறந்தே கிடக்கும். செங்கமலத்துக்கு எழுத்து தெரியாது. "ரோடு விஷயமா கூப்ட்டுகீறாங்க. வெள்ளிக்கெழம போவணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடையிலேயே படுத்துக்கொண்டார். சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

"இன்னாங்க, வயிறு சரியில்லியா? சுக்கு வச்சித் தரட்டா?" என்றாள் அவள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சுக்கு கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போயிற்று.

மறுநாள் கடையில் கூட்டம். எல்லோரும் தீப்பெட்டி வாங்கினார்கள். மண்ணூர் ஆட்கள், வல்லக்கோட்டை ஆட்கள், வருஷக்கணக்கில் இந்தப் பக்கமே தலைகாட்டாதவர்கள், ஆளுக்கு ஒரு தீப்பெட்டி. வாங்கிக்கொண்டு அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, பக்கத்திலே பூட்டிக் கிடந்த சைக்கிள் கடையையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். நாலு ஊரிலும் ஒரே நாளில் தீப்பெட்டி தீர்ந்திருக்காது என்று அவருக்குத் தெரியாதா? சாமானை வைத்து வீட்டைப் படிக்கிற வித்தையை அவரே ஊருக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது அவர் வீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானமே கதவுப் பலகைகளைப் போட்டுக் கடையை மூடினார்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். லீலா கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவையைக் கட்டியிருந்தாள்; ஆபீசுக்கு என்றதும் அதுதான் தோன்றியிருக்கிறது. அவர் இரண்டு சீட் தள்ளிப்போய் உட்கார்ந்தார். இடம் இல்லாமல் இல்லை.

ஆபீசில் கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் பழைய பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"நீங்கதான் முனிரத்தினமா?"

நாலு நாளாகக் கோதண்டராமன் எதற்குப் பயந்தாரோ அது இத்தனை சாதாரணமாக, பேனாவைத் திறந்துகொண்டே கேட்கப்பட்டுவிட்டது.

"அய்ய, அது சைக்கிள் கட அண்ணன் பேராச்சே" என்றாள் செங்கமலம். "அது செத்து மூணு வருசம் ஆவுதே."

"உன் புருஷன் பேர்னு போட்டிருக்கேம்மா. கீழே உன் கைநாட்டு."

அவள் அதிகாரியைப் பார்த்தாள், பதிவேட்டைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பியூன் தண்ணீர் கொண்டுவந்தான். ஒரு வாய் குடித்துவிட்டு அவள் பேச ஆரம்பித்தாள்.

"அப்பா மனைய எழுதி வச்சப்ப கணக்குப்பிள்ள வந்தாருங்க. எங்க வூட்டுக்காரரு மெட்ராசுக்கு சரக்கு எடுக்கப் போயிருந்தாரு. 'புருசன் பேரு'ன்னாரு. நான் எப்படிங்க சொல்றது? அண்ணன் வாசல்ல பஞ்சர் ஒட்டிக்கினு இருந்துச்சி. 'அண்ணே, பேரச் சொல்லுண்ணே'ன்னேன். அதுக்குள்ள அடுப்புல பால் பொங்கிச்சி, உள்ள ஓடிட்டேன். வந்தா, எழுதியாச்சு, வைய்யின்னாரு. வச்சேன். அதுக்குக் காது மந்தம்ங்க. தம்பேரக் கேக்குறாங்கன்னு நெனச்சிக்கினு சொல்லிகீது."

பியூன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. கோதண்டராமனுக்கு வரவில்லை. பால் பொங்கியது. அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் போய் அவர் செத்துப்போன சிநேகிதனை, பெற்ற மகளை, இதோ தரையில் உட்கார்ந்திருக்கிறவளை, நாலு நாளாக மனசுக்குள் என்னவெல்லாம் செய்தார்! தன்னைக் கண்டே அவருக்குப் பயமாக இருந்தது.

"சரி, திருத்திடலாம்" என்றார் அதிகாரி. "புருஷன் பேர் என்ன?"

பழக்கதோஷம். செங்கமலம் பக்கத்தில் பார்த்தாள். கோதண்டராமன் வாயெடுத்தார்.

"யாரும் சொல்லக் கூடாது. இப்படிச் சொல்லித்தான் இந்தக் கதி. நீ உன் வாயால சொல்லும்மா. சொன்னாத்தான் எழுதுவேன்."

அவள் நிமிர்ந்து கோதண்டராமனைப் பார்த்தாள். உதவி கேட்டுத்தான் பார்த்தாள். ஆனால் அவர் முகத்தில் என்ன கண்டாளோ, பார்வை அங்கேயே நின்றுவிட்டது. ஆறிப்போன சுக்கு, கடையில் போட்ட படுக்கை, பஸ்ஸில் தள்ளி உட்கார்ந்தது எல்லாம் அவளுக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியிருக்க வேண்டும்.

"இதுக்கா?" என்றாள். "நாலு நாளா சாப்புடாதது இதுக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

செங்கமலம் எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மேஜைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"கோதண்டராமன்" என்றாள்.

அதிகாரி எழுதுவதற்குள், யாரும் கேட்காமலே, இன்னும் உரக்க இன்னொரு தடவை சொன்னாள்.

ஊரே கூப்பிடுகிற பெயர்தான். பலகையில் அவரே எழுதி மாட்டிய பெயர்தான். அவள் வாயிலிருந்து வந்தபோது கோதண்டராமனுக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. இருபத்தேழு வருஷமாக அவருடைய உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தது. அதை இன்று வெளியே எடுத்துப் போட்டுவிட்டாள். போட வைத்தவர் அவர்.

திரும்பும்போது சிங்கப்பெருமாள் கோவிலில் பஸ் மாற வேண்டும். இறங்கியவள் அவருக்காக நிற்காமல் நேரே சந்நிதிக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே ஓடினார். தேங்காய், பூ, துளசி அவளே வாங்கினாள். சொல்லிவிட்டாளே, ஆயுசுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் அவள் நடையிலேயே தெரிந்தது. கோபமும் தெரிந்தது.

பட்டர் தட்டை வாங்கிக்கொண்டு, "யார் பேருக்கு?" என்றார்.

அவள் வாய் திறக்கவில்லை. பக்கத்திலும் பார்க்கவில்லை.

"செங்கமலம்" என்றார் கோதண்டராமன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அவர் அவளை "இந்தாமே" என்று கூப்பிட்டிருக்கிறார், லீலா பிறந்த பிறகு "லீலாம்மா" என்று கூப்பிட்டிருக்கிறார். இது புதிது.

"நட்சத்திரம்?"

கோதண்டராமன் வாயைத் திறந்து, மூடினார். எந்த வீட்டில் எந்த மாதம் யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று தெரிந்த மனுஷன். யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. கல்யாணத்தின்போது ஜாதகத்தில் பார்த்திருப்பார்கள். அதற்குப் பிறகு அவர் கேட்டதே இல்லை. பட்டர் தட்டோடு நின்றார். பின்னால் வரிசையில் ஒருவர் கனைத்தார்.

கோதண்டராமன் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார்.

"நீ சொல்லுமே" என்றார்.

"ரோகிணி" என்றாள் செங்கமலம், பட்டரைப் பார்த்து.