கூரையில் ஓடிய வயர்

சிவப்பு விளக்கு முதன்முதலில் தானாக எரிந்தபோது நான் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி செங்கல்பட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். வண்டி நிறைய மீன்காரப் பெண்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பொட்டு அளவில் ஒரு விளக்கு. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் எரியும், விட்டால் அணைந்துவிடும். பிரேக் ஆயில் குறைந்தாலும் எரியும் என்று வண்டியை விற்றவர் சொல்லியிருந்தார். நான் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். பிடித்தது. மறுபடி மிதித்தேன். நன்றாகவே பிடித்தது. விளக்கு மட்டும் அணையவில்லை.

"இன்னா தம்பி, மாட்டு வண்டியா ஓட்டிக்கினு போற? கூடை சாயுது பாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அக்காவின் குரல். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருந்தவர். நாற்பது வயதைத் தாண்டியவர். அவரைவிட வயதில் பெரியவர்களும் சின்னவர்களும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் ஓர் அரிசி மண்டியில் டிரைவர். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்தவர்கள். எங்கள் தெருவில் லைசென்ஸ் வாங்கிய முதல் ஆள் நான்தான். முதலாளி மெட்ராசில் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் வாங்கிய பழைய வேன் அது. ஊரைவிட்டுப் போகிற அவசரத்தில் அந்த மனிதர் அதை மலிவாகக் கொடுத்துவிட்டார். விடியும் முன்னே அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக் குப்பங்களுக்குப் போவேன். திரும்பும்போது வண்டி காலி.

அந்தக் காலி வண்டியில்தான் பெண்கள் ஏறினார்கள். பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற விடமாட்டார்கள். கண்டக்டர் கூடையைக் காலால் தள்ளி இறக்கியதை நானே பார்த்திருக்கிறேன். தள்ளப்பட்ட கூடையிலிருந்து விழுந்த மீன்களை மண்ணிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தவர் அக்கா. அன்றைக்கு வண்டியை நிறுத்தி, "ஏறுங்கக்கா" என்றேன். மறுநாள் குப்பத்து முனையில் ஒரு கும்பலே நின்றது. முதலாளிக்கு அவர்கள் கொடுத்த வண்டிக் கூலி வேண்டியிருந்தது, அதனால் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

விளக்கு எரிந்ததும் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டேன். நல்ல வேலைக்காரர். நான்கு சக்கரத்தையும் கழற்றி, ரப்பர் வாஷரை மாற்றி, பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயிலை ஊற்றி, பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுத்துவிட்டார். பிரேக் கால் வைத்தவுடன் பிடித்தது. சாவியைத் திருப்பினோம். விளக்கு எரிந்தது.

"நம்ம ஊரு வண்டில இந்த லைட்டே கெடையாது. அதுக்கு இன்னா நோவுன்னு எனக்குத் தெரியல. பிரேக்கு நல்லா கீது, அவ்ளோதான் நான் சொல்லுவேன்" என்றார் மெக்கானிக்.

முதலாளி பக்கத்திலேயே நின்றிருந்தார். "பிரேக்கு நல்லா கீதுன்னா லைட்டு எதுக்கு? பல்பைக் கழட்டிடு. பார்த்தாத்தானே பேஜாரு."

"கழட்ட வேணாம்" என்றேன்.

"இன்னாடா?"

"நாளைக்கு நெசமாவே ஆயில் ஒழுகினா எனக்கு யாரு சொல்லுவா? பின்னால ஆளுங்க உக்காந்துகினு வராங்க."

  மறுநாள் காலையில் வண்டியை எடுத்தபோது விளக்கு இருந்த இடம் இருட்டாக இருந்தது. முதலாளி யாரையோ விட்டுப் பல்பைக் கழற்றியிருந்தார். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த பாய் கடைக்குப் போய் ஒரு பல்பு வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே மாட்டினேன். விளக்கு எரிந்தது. முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போனார்.

பாய் கடை என்று நான் சொல்வது வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒரு சின்னத் தகரக் கொட்டகை. டைனமோ, ஹாரன், செல்ஃப் மோட்டார் எல்லாம் அங்கேதான் போகும். பாய்க்கு என் வயதுதான். பேச்சில் நான் மச்சான், அவன் பாய். பல்பு வாங்கும்போது நடந்ததைச் சொன்னேன். வண்டியைக் கொண்டு வரச் சொன்னான்.

மத்தியானம் கொண்டுபோனேன். பாய் சக்கரத்துப் பக்கமே போகவில்லை. ஹேண்ட் பிரேக்கில் இருந்த சுவிட்சின் வயரை உருவினான். விளக்கு எரிந்தது. ஆயில் டப்பாவில் இருந்த சுவிட்சின் வயரையும் உருவினான். அப்போதும் எரிந்தது.

"பார்த்தியா மச்சான்? ரெண்டு சுவிட்சும் இப்ப வெளிய. ஆனா லைட்டு எரிஞ்சிகினுதான் கீது. அப்ப பிரேக்கு மேல குத்தம் இல்ல."

"அப்புறம்?"

"லைட்டுக்கு ஒரு பக்கம் கரண்டு எப்பவும் ரெடியா நிக்கிது. இன்னொரு பக்கம் இரும்பைத் தொட்டா எரியும். சுவிட்சு செய்ற வேலையே அதான், தொட வைக்கிறது. இப்ப சுவிட்சு இல்லாமலே வயரு எங்கியோ பாடியத் தொட்டுக்கினு கீது. அந்த எடத்தைத் தேடணும்."

தேடினோம். அந்த வேனுக்கு பேட்டரி பின்னால். அதனால் முன்னாலிருந்து பின்னால் போகிற வயர் எல்லாம் ஒரே கட்டாக அடித்தளத்தின் தகரத்துக்குக் கீழே ஓடின. அந்தக் கட்டுக்குள்ளேதான் ஹேண்ட் பிரேக் வயரும். நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு கட்டைப் பிடித்து அசைப்பேன், பாய் மேலே உட்கார்ந்து விளக்கைப் பார்ப்பான். "எரியிது... எரியிது..." என்று ஒரே பாட்டு. மண்ணும் கிரீசும் என் கண்ணில் விழுந்தன. கடைசியில் ஓர் இடத்தை அசைத்தபோது, "அணைஞ்சிது! புடி, விடாத!" என்று கத்தினான்.

மூட்டை சரியாமல் இருக்க முதலாளி வேனின் தரையில் ஓர் இரும்புப் பட்டை அடிக்கச் சொல்லியிருந்தார். அதன் போல்ட்டு தகரத்தைத் துளைத்து இறங்கி வயரைக் கடித்திருந்தது. வயரின் தோல் கிழிந்து செம்புக் கம்பி போல்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாய் கம்பியை விலக்கி, டேப் சுற்றி, போல்ட்டை அறுத்துவிட்டான். விளக்கு அணைந்தது. உருவிய வயர்களைத் திரும்ப மாட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தோம், எரிந்தது. விட்டோம், அணைந்தது. இருவரும் டீ குடித்தோம்.

அந்த வாரம் முடியவில்லை, மறுபடியும் எரிந்தது. இந்தத் தடவை மங்கலாக. பெண்களை ஏற்றிக்கொண்டு பாதி தூரம் வந்ததும் ஆரம்பிக்கும். மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வண்டியை வெயிலில் நிறுத்தினால் சாயங்காலத்துக்குள் தானாகவே அணைந்துவிடும். மறுநாள் அதே கதை. வெறும் அரிசியோடு போகிற பயணத்தில் ஒருநாளும் எரியவில்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதலாளிக்கும் புரிந்துவிட்டது.

"மீன் தண்ணிடா! உப்புத் தண்ணி கூடையிலேர்ந்து ஒழுகி வயர்ல எறங்குது. அவளுங்கள ஏத்தாத. லைட்டும் அணையும், வாடையும் போவும்" என்றார். "அடுத்த வாரம் பிரேக் இன்ஸ்பெக்டர் கிட்ட வண்டியக் காட்டி சர்டிபிகேட் வாங்கணும். ஒருத்தியும் ஏறக்கூடாது, சொல்லிட்டேன்."

அவர் சொன்ன காரணம் சரிதான். அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. ஒரு முழ வயருக்காக இத்தனை பெண்களை ரோட்டில் இறக்கிவிடச் சொல்கிறார். என் அம்மா ஒருதடவை காய்ச்சலோடு களத்து மேட்டில் நிழலுக்காக ஒதுங்கியபோது, "எழுந்து அந்தப் பக்கம் போ" என்று ஒருவர் விரட்டியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கே எது கெட்டாலும் முதலில் எழுந்து போகவேண்டியது நாங்கள்தானா?

"வயரு எடஞ்சலா இருந்தா வயரை மாத்தலாம். அவங்கள எறக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப நீயும் எறங்கிக்க."

"இன்ஸ்பெக்டர் கிட்ட காட்டற வரைக்கும் வண்டி என் கைல இருக்கட்டும். அவர் பாஸ் பண்ணலன்னா சாவியக் குடுத்துட்டுப் போறேன்."

முதலாளிக்கு உடனே வேறு டிரைவர் கிடைக்கவில்லை. அதனால்தான் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் வந்தான். வண்டியைப் புரட்டிப் போடாத குறையாகப் பார்த்தோம். அடித்தளத்துக்குக் கீழே வயர்கள் சேரும் இடத்தில் ஓர் இணைப்பு இருந்தது. கையால் தொட்டதும் பச்சைப் பச்சையாகப் பொடி உதிர்ந்தது. உப்பு தின்று செம்பு பூத்துப் போயிருந்தது. ஈரம் பட்டால் அந்தப் பொடி வழியாகவே கரண்ட் தகரத்துக்குக் கசிந்தது, காய்ந்தால் நின்றது.

"இதைச் சுத்தம் பண்ணி டேப் போடறேன். ஆனா மறுபடியும் உப்பு எறங்கும் மச்சான். ஒரு மாசம் தாங்கும்."

"கீழ வேணாம் பாய். மேல இழு."

"மேலயா?"

"கூரை வழியா. மீன் தண்ணி கூரைக்கு ஏறாதில்ல?"

பாய் என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், சிரித்தான். "எவன்டா இப்படி யோசிப்பான்? சரி, புடி."

விளக்கின் வயரை முன் கண்ணாடியின் ஓரத் தூண் வழியாக மேலே ஏற்றி, கூரை ஓரமாக ஓட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இறக்கி ஹேண்ட் பிரேக்கில் சேர்த்தோம். பின்விளக்கு வயரையும் அப்படியே மேலே கொண்டுபோனோம். கீழே இருந்து மாற்ற முடியாத பேட்டரி வயருக்கு மட்டும் ரப்பர் குழாய் போட்டோம். அக்காவிடம் சொன்னபோது அவர் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: "தண்ணி நிக்கறதாலதானே ஊறுது? பின்னால ரெண்டு ஓட்டை போடு, ரோட்டுல ஓடிப் போவுது." போட்டோம். பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருந்தது. கூரையில் கறுப்பு டேப் சுற்றிய வயர் பாம்பு மாதிரி போயிற்று.

இன்ஸ்பெக்டர் கண்டிப்பானவர். சாவியைத் திருப்பச் சொன்னார். ஹேண்ட் பிரேக்கை இழுத்திருந்ததால் விளக்கு எரிந்தது. விடச் சொன்னார், அணைந்தது. தானே ஏறி உட்கார்ந்து ஓட்டி, சட்டென்று பிரேக் போட்டுப் பார்த்தார். இறங்கும்போது தலைக்கு மேலே பார்த்தார்.

"இது என்னய்யா?"

"வயர் சார். கீழ ஈரம் படுது."

ஒரு கணம் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "சரி, போ" என்றார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முதலாளி அப்படி நினைக்கவில்லை. மறுநாள் காலை மூட்டை ஏற்றும்போது, "பாஸாயிட்டா இன்னா? வாடை போயிடுமா? ஏத்தாதன்னா ஏத்தாத" என்றார். அது மட்டும் போதாதென்று, நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க அன்றைக்கு அவரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

குப்பத்தில் வண்டியை நிறுத்தினேன். அரிசி இறக்க வழக்கமாக வருகிற ஆட்கள் யாரும் வரவில்லை. அக்கா மட்டும் நின்றிருந்தார், பின்னால் மற்றப் பெண்கள், கூடைகள். முதலாளி அவர்களை ஏற்றக்கூடாது என்று சொன்னதை நான் முந்தின வாரமே அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

"இன்னாம்மா, மூட்டைய எறக்கச் சொல்லு" என்றார் முதலாளி.

"எறக்கலாம் நைனா. எங்கள ஏத்திக்கினு போவியா?"

"அது வேற, இது வேற."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எங்கள ஏத்தாத வண்டி அரிசி எங்க குப்பத்துல எறங்காது. பக்கத்துக் குப்பத்துலயும் சொல்லிட்டோம். வேற மண்டில வாங்கிக்கறோம்."

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாவியைப் பிடுங்குவார் என்றுதான் எதிர்பார்த்தேன், கொடுத்துவிட்டு நடந்தே ஊர் போவது என்றும் முடிவு செய்திருந்தேன்.  ஆனால் மனசுக்குள் ஒரு சந்தோஷம், அதை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி சரி, எறக்குங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. ஆட்கள் எங்கிருந்தோ வந்தார்கள். மூட்டைகள் இறங்கின, கூடைகள் ஏறின. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டே வந்தார். பின்னால் பெண்கள் வேண்டுமென்றே சத்தமாகச் சிரித்துப் பேசினார்கள்.

அந்த வேனை நான் இன்னும் சில வருஷம் ஓட்டினேன். மண்டிக்கு யாராவது வந்து கூரையில் ஓடும் வயரைப் பற்றிக் கேட்டால் முதலாளி, "உப்புத் தண்ணி படுதுன்னு நான்தான் மேல இழுக்கச் சொன்னேன்" என்பார். நான் பக்கத்தில் இருந்தால், "இல்லீங்க, பாயும் நானும் இழுத்தோம். இவரு ஆளுங்கள எறக்கச் சொன்னாரு" என்பேன். அவர் முறைப்பார். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவேன்.