துரை வாங்கிய பதினொரு மார்க்

அந்த வார்த்தையைத் தெரியாமல் எழுதினேனா, தெரிந்தே எழுதினேனா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

என் கணவர் சுருளிப்பட்டிக்கு மேலே, மலையிலுள்ள ஏலத்தோட்டத்தில் குமாஸ்தா. தோட்டத்துத் துரை ஆஸ்திரேலியாக்காரர். இளமையில் அங்கே ஆறு வருஷம் பந்து விளையாடினாராம். பந்தென்றால் உருண்டைகூட இல்லை. உரிக்காத தேங்காய் மாதிரி ஒன்று. அதற்காக ஒருவன் முதுகில் ஒருவன் ஏறி விழுவார்கள். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறிப் பக்கத்தில் போனாலும் ஒரு புள்ளி! தவறியதற்கும் கூலி கொடுக்கும் ஆட்டம். ஏழாம் வருஷம் முழங்கால் முறிந்தது, அத்தோடு சரி. இதைப் பெரிய சரித்திரமென்று பத்திரிகைத் துணுக்குகளைப் பெட்டியில் பூட்டிக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறார்.

தோட்டத்துப் பொங்கலன்று அந்தப் பெருமையைத் தமிழில் வாசிக்கவேண்டும் என்று உத்தரவு. கணவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. பள்ளியிறுதி வரை படித்த நான்தான், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எழுதினேன். தாமே எழுதியதாக அவர் துரையிடம் சொல்லிக்கொண்டார்.

ஒரு துணுக்கில், ஒரே ஆட்டத்தில் பதினொரு 'மார்க்' என்றிருந்தது. உதைத்த பந்து தரையில் விழுமுன் பிடிப்பதற்கு அங்கே அதுதான் பெயராம். முன்பே சொன்னதாகக் கணவர் சாதிக்கிறார். குழந்தை அழும்போது சொல்லியிருப்பார். நான், 'துரை பதினொரு மார்க் வாங்கினார்' என்று எழுதிவிட்டேன்.

பொங்கலன்று கணவர் அதை வாசித்ததும் கூட்டத்தில் ஒருத்தி, "ஏ ஆத்தா, பதினோரு மார்க்காம்! எம் மகனே பதினெட்டு வாங்குனானே!" என்றாள்.

"படிப்பு ஏறலைன்னுதான் இங்கன மலையேத்தி விட்டுட்டாக போல!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

சிரிப்பு அடங்கவில்லை. துரைக்குத் தமிழ் தெரியும். முகம் சிவக்க எழுந்து போனவர், தாம் சொல்லியனுப்பும்வரை மலையேற வேண்டாம் என்று கணவருக்கு ஆளனுப்பினார்.

"வேணும்னே எழுதுனியா?" என்று வீட்டில் கணவர் கேட்டார்.

"இல்லைங்க."

"எம்புட்டுப் பெரிய ஆட்டக்காரக தெரியுமா அவுக!"

வேலை போகிற நேரத்தில் இவருக்கு அந்தக் கவலை!

ஐந்து நாளாயிற்று, மலையிலிருந்து ஆள் வரவில்லை. குழந்தையோடு போய், எழுதியவள் நான்தான் என்று சொன்னால் துரை மன்னிக்கலாம். கணவர் பொய் சொன்னதும் வெளியாகி, அதற்காகவே வேலை போகவும் கூடும். போகட்டுமா, சும்மா இருக்கட்டுமா? இதைப் படிக்கும் சகோதரிகள் ஒரு வரி எழுதினால் போதும்.