விலாவில் மூச்சு வாங்கும் கார்

என் தங்கையின் கணவர் ஓய்வு பெற்றதும் ரோஜாச் செடி வளர்ப்பார், இல்லையென்றால் கோயில் நிர்வாகத்தில் சேர்ந்து சண்டை போடுவார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவரோ, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிவந்து பினாங்கு டத்தோ கிராமாட்டில் இருக்கும் வீட்டு வாசலில் நிறுத்தினார். பளீரென்ற மஞ்சள். உயரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. அதில் ஏறுவது எளிது, விழுந்தால் போதும். இறங்கத்தான் ஆள் வேண்டும்.

நான் வேலை பார்த்ததெல்லாம் வாகனப் பதிவு, பரிசோதனை அலுவலகக் கவுண்டரில். விதிமுறை என்று எது கையில் கிடைத்தாலும் படித்துவிடும் வியாதி எனக்கு அங்கேதான் தொற்றியது. ஆகவே அந்தக் காரின் கையேட்டை எங்கள் குடும்பத்தில் முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான். உரிமையாளர் அட்டைப் படத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அந்தக் காருக்கு இன்ஜின் முன்னால் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. மற்ற கார்கள் எதிர்க்காற்றை முகத்திலேயே வாங்கி இன்ஜினுக்குக் கொடுத்துவிடும். இதற்கு அது முடியாது, நடுவில் இரண்டு பேர் உட்கார்ந்து வழியை மறைக்கிறார்கள். அதனால் இரண்டு கதவுகளுக்கும் பின்னால், விலா எலும்பு இருக்க வேண்டிய இடத்தில், முன்பக்கம் பார்த்தபடி பக்கத்துக்கு ஒரு வாய். கார் ஓடும்போது கதவை உரசிக்கொண்டு பின்னால் போகும் காற்று அதற்குள் புகுந்துவிடும். வலப்பக்க வாய் இன்ஜின் மூச்சு வாங்குவதற்கு. அந்தக் காற்று வடிகட்டியைத் தாண்டிப் போய்ப் பெட்ரோலோடு சேர்ந்து எரியும். இடப்பக்க வாய் இன்ஜின் அறையைக் குளிர வைப்பதற்கு. கார் நிற்கும்போது காற்றை இழுக்க உள்ளே ஒரு சிறு விசிறியும் உண்டு. சூடான காற்று பின்மூடியில் இருக்கும் நீளப் பிளவுகள் வழியாக மேலே போய்விடும். வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி. நான் பார்த்த பல அலுவலகங்களில் கோப்புகளுக்கு முதல் வழி மட்டும்தான் உண்டு.

இதை மச்சானிடம் விளக்கினேன்.

"அது ஸ்டைலுக்கு வச்சிருக்கான் மச்சான். நீங்க ரொம்பப் படிக்கிறீங்க லா" என்றார்.

அந்த ஆண்டே அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், வீடு தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில். ஜாதகப் பொருத்தம் போதாது என்று என் தங்கை கடைசிவரை முனகிவிட்டு, மகளின் பிடிவாதத்துக்காகத்தான் தலையாட்டினாள். கல்யாணத்துக்கு முதல் நாள் மருமகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மாமா, நாளைக்கு அம்மாவுக்கு ஒரு கெட்ட சகுனம் கிடைச்சா போதும், எங்க வீட்டுல பால் பொங்கி வழிஞ்சாக்கூட அதையேதான் சொல்லிக் காட்டுவாங்க. ஒண்ணும் கிடைக்காம பாத்துக்கங்க."

பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். பெண்ணுக்கு அண்ணன் தம்பி இல்லாததால், மாப்பிள்ளையை மஞ்சள் காரில் அழைத்துவரும் பொறுப்பும் தாய்மாமனான என்னிடம்தான் வந்தது.

மறுநாள் காலை, பூ அலங்காரம் செய்ய வந்த அக்காவிடம் நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் மறைக்கக் கூடாது என்று விதி எண்ணோடு சொன்னேன். அப்படியே செய்தார். நிம்மதியாகத் தோசை சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், இரண்டு விலா வாய்களிலும் தடித்த மாலைகளைச் சுருட்டி அடைத்திருந்தது. பின்மூடியின் பிளவுகள் மேல் மெத்தைபோல உதிரிப்பூ, அதற்கு மேல் ஒரு வலை.

"யாரு அடைக்கச் சொன்னது?"

"உங்க தங்கச்சிதாண்ணே."

தங்கை பட்டுப்புடவையில் வந்து நின்றாள். "நல்ல நாள் அதுவுமா வீட்டுல ஒரு செம்புகூட வெறுமையா இருக்கக்கூடாது. காடி என்னடான்னா ரெண்டு பக்கமும் வாயப் பொளந்துகிட்டு நிக்குது."

"அது மூச்சு விடுற எடம்மா."

"பூவுக்குள்ள காத்து போகாதா? தாலி ஏர்ற வரைக்கும் ஒரு பூவையும் எடுக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

மச்சான் என் தோளைத் தட்டினார். "கிட்டத்தானே மச்சான். போயிட்டு வந்துறலாம் லா."

போகும்போது சாலை காலியாக இருந்தது, கார் சற்றே திணறியதோடு சரி. திரும்பும்போது பக்கத்தில் மாப்பிள்ளை. பின்னால் மச்சானின் சாதாரணக் காரில் அவரும் மாப்பிள்ளையின் பெரியப்பாவும். முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலை நாஸ்டா தேடிப் புறப்பட்டிருந்த பினாங்கு முழுவதும். நின்று நின்று நகர்ந்தோம். சூட்டுமானியின் முள் ஏறியது. மிதித்தால் இன்ஜின் இருமியது.

"அங்கிள், ஏதோ வறுபடுற வாசம் வருது" என்றான் மாப்பிள்ளை.

"உங்க கல்யாணப் பூ, தம்பி."

ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் ஓரங்கட்டினேன். மச்சான் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பூவுல கைய வைக்காதீங்க! உங்க தங்கச்சி என்னைய உயிரோட விடமாட்டா."

"அப்ப மாப்பிள்ளைய உங்க காடியில ஏத்துங்க."

"பாதி வழியில காடி மாறின மாப்பிள்ளையா? அதுக்குப் பூவையே எடுத்துறலாம்!"

எடுத்தால் அபசகுனம், மாறினால் அபசகுனம், இங்கேயே நின்று முகூர்த்தத்தைத் தவறவிட்டால் அதைவிடப் பெரிய அபசகுனம். மருமகளின் முகம் நினைவுக்கு வந்தது. பெரியப்பா மெல்ல இறங்கிவந்து, மரியாதையாகக் கைகட்டி நின்றார். எங்கள் முறை என்னவோ, தான் ஏதும் தவறாகச் செய்துவிடக் கூடாதே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வழி பிறந்தது.

"தம்பி, எறங்குங்க" என்றேன். கவுண்டரில் பேசும் குரல் தானாகவே வந்தது. "தாய்மாமன் பாதி வழியில மாப்பிள்ளைக்கு மாலை போடணும்."

வலப்பக்க வாயிலிருந்து மாலையை உருவி, உதறி, அவன் கழுத்தில் போட்டேன். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் இரண்டு முறை தும்மினான்.

"இது உங்கட பக்கத்து முறையோ?" என்றார் பெரியப்பா.

"ஆமாங்க. அடுத்தது சம்பந்தி மாலை." இடப்பக்க மாலையை மச்சான் கையில் திணித்தேன். அவர் விழித்தபடியே அதைப் பெரியப்பாவுக்குப் போட்டார். பிறகு பின்மூடியின் வலையை நீக்கி, ஆளுக்கு இரண்டு கை நிறைய உதிரிப்பூவை அள்ளிக் கொடுத்து, மாப்பிள்ளை தலையில் தூவச் சொன்னேன். பெரியப்பா கண்ணை மூடி மனதார வாழ்த்தித் தூவினார். ஒட்டியிருந்த இதழ்களை நானே பொறுக்கித் தூவி முடித்தேன். அப்படி எங்கள் முறையில் ஒரு இதழ்கூட வீணாகவில்லை. விதியை உறுதியான குரலில் சொன்னால், அது எத்தனையாவது விதி என்று யாரும் கேட்பதில்லை.

"மச்சான், இது அவங்க முறையா, நம்ம முறையா?" என்று மச்சான் என் காதில் கேட்டார்.

"கூட்டு முறை. மூடியத் தொறங்க, சூடு போகட்டும்."

முள் இறங்கியதும் புறப்பட்டோம். தண்ணீர்மலைப் பக்கம் சாலை காலியானது. மிதித்தேன். விலாவில் காற்று புகுந்து முதுகுக்குப் பின்னால் உறுமியபோது, மாப்பிள்ளை அன்று முதல்முறையாகச் சிரித்தான்.

மண்டப வாசலில் தங்கை ஆரத்தித் தட்டோடு நின்றாள். முதலில் காரைத்தான் பார்த்தாள். இரண்டு வாய்களும் கறுப்பாகத் திறந்திருந்தன. பிறகு மாப்பிள்ளையின் கழுத்தைப் பார்த்தாள், பெரியப்பாவின் கழுத்தைப் பார்த்தாள். பெரியப்பா முந்திக்கொண்டார்.

"உங்கட ஆக்கள் வழியிலேயே நிப்பாட்டி மாலை போட்டு வாழ்த்தினவை. இப்படி ஒரு மரியாதையை நான் எங்கேயும் கண்டதில்லை, பிள்ளை."

சம்பந்தி புகழ்ந்த சடங்கைத் தெரியாது என்று எப்படிச் சொல்வாள்? "எங்க பக்கம் அது கட்டாயம்ங்க" என்று சொல்லி ஆரத்தி சுற்றினாள். உள்ளே மணவறைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த மருமகளுக்கு ஒரு தலையசைப்பை அனுப்பினேன்.

போன மாதம் மாப்பிள்ளையின் தம்பிக்குக் கல்யாணம். வாடகைக்கு எடுத்த பெரிய வெள்ளைக் கார், இன்ஜின் ஒழுங்காக முன்னால் இருந்தது. வழியில் அதை ஒரு மர நிழலில் நிறுத்தி, எல்லோரும் பயபக்தியோடு இறங்கினார்கள். முறைப்படி மாலையை எந்தப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று பெரியப்பா என்னிடம் கேட்டார். முதலில் வலப்பக்கம் என்றேன்.