சிதம்பரத்தில் மூன்றாவது தண்டவாளம்

1966, மாசி மாதம், சனிக்கிழமை. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் காலை 6.50-க்கு வர வேண்டிய வண்டி 7.22-க்கு வந்தது. சிதம்பரத்துக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு ஒரு ரூபாய் ஐந்து காசு. இருபத்தேழரை மைலாக இருந்த தூரத்தை இப்போது நாற்பத்து நான்கு கிலோமீட்டர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எண் பெருத்தது, ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

என் மடியில் சரியாக இரண்டடி நீளமுள்ள தேக்குக் கோல் ஒன்று. எதிரில் உட்கார்ந்திருந்த வெற்றிலை வியாபாரி அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வாத்தியாருங்களா?"

"இருந்தேன். முப்பத்தொரு வருஷம், கணக்கு."

"ரிட்டையராயும் கோல வுடலியா?"

பெட்டியில் ஐந்து பேர் சிரித்தார்கள். அது பிள்ளைகளை அடிக்கும் கோல் அல்ல. புவனகிரிப் பக்கத்து வயல்களிலிருந்து கரும்பு ஏற்றிவந்த சின்ன ரயிலின் தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த அகலம் அது. ஒன்பது மைல் பாதை. அதை நான்கு முறை நடந்து, பதினேழு மதகுகளையும் அளந்து எழுதியிருக்கிறேன். பாதையைப் பிடுங்கிவிட்டார்கள். தண்டவாளங்கள் மாட்டுக்கொட்டகைத் தூண்களாக நிற்கின்றன. அறுபத்து மூன்று வரை எண்ணினேன். மிஞ்சியது ஓர் எஞ்சின். அது காயலான் கடைக்குப் போகாதிருக்கப் பதினான்கு மனுக்கள் எழுதினேன். சிதம்பரத்தில் ஒரு குழு அதைப் பூங்காவில் வைக்க முன்வந்தபோது, இனிக் கவலை இல்லை என்று நம்பினேன்.

வியாழக்கிழமை காசிமிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. அந்த எஞ்சினுக்குப் பத்தொன்பது வருஷம் வெல்டிங் வேலை பார்த்தவர் அவர். "எஞ்சின் தண்டவாளத்துல ஒக்காரல. சக்கர அச்ச அறுத்து அகலமாக்கணுமாம். சனிக்கிழமை அறுக்கச் சொல்றாங்க. வெரசா வாங்க மாமா."

வெள்ளாற்றுப் பாலத்தின் கண்களை எண்ணினேன். சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் ஒன்று வித்தியாசம். மனம் அச்சில் இருந்தது.

9.05. சிதம்பரம். ஜட்காக்காரர் அறுபது காசு கேட்டார், பேரம் பேசவில்லை. பூங்காவில் புதுச் சிமெண்டு மேடை, அதன்மேல் கட்டைகள், கட்டைகளின்மேல் இரண்டு தண்டவாளங்கள். பக்கத்தில் தரையில் எஞ்சின். என் கோலை மேடையில் வைத்தேன். தண்டவாளங்களுக்கு நடுவே பதினைந்து அங்குலத்துக்கு மேல் மிச்சம் இருந்தது.

குழுவின் தலைவர் அரிசி மில் ரத்தினம். "நாங்க ஒண்ணும் குத்துமதிப்பா போடலிங்க. ஸ்டேஷனுக்கே போயி, கயிறு புடிச்சி, முடிச்சிப் போட்டு அளந்தாந்தோம். நூல் பிசகாது."

"அது பெரிய ரயிலின் அளவு. இந்த எஞ்சினை அளந்தீர்களா?"

"ரயிலுன்னா ரயிலுதானங்க? இது என்ன, ஓடவா போவுது? அச்ச அறுத்து நடுவுல பைப்பு வெச்சா ஆச்சி."

தைத்த சட்டை சேரவில்லை என்று பிள்ளையின் தோளை நீட்டச் சொல்கிறவரிடம் என்ன பேசுவது? இரண்டடி அகலத்தில் ஓடிய எஞ்சின் இந்த ஜில்லாவில் வேறு இல்லை, அகலம் போனால் இது வெறும் இரும்பு என்றேன். பத்து நிமிஷம் பேசினேன். அவர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

எஞ்சினுக்கு அடியிலிருந்து காசிம் வெளியே வந்து என் காதோரம் குனிந்தார். முன் அச்சில் ஒரு வெட்டு விழுந்திருந்தது.

"அவரு பக்கத்துலயே நின்னாரு மாமா. வேற வழியில்ல, கொஞ்சம் நெருப்பு வெச்சேன். அப்பறம் கேஸ் தீந்துபோச்சின்னுட்டேன்."

"தீர்ந்ததா?"

"அரை சிலிண்டர் கெடக்கு."

ரத்தினத்திடம் திரும்பினேன். "ஒரு தண்டவாளத்தை உள்ளே நகர்த்துங்கள்."

"தண்டவாளத்துக்கு ரெண்டு பக்கமும் பூசின சிமெண்டு இறுகிப்போச்சி. ஒடைக்க முடியாது. நாளைக்குத் திறப்பு விழா."

"மூணாவதா ஒண்ணு உள்ளாற போட்டுடலாம்," என்றார் காசிம். "மீதித் துண்டு கெடக்கு. மாமா கோலு வெச்சிக் காட்டட்டும். ரெண்டு மணி நேரம். அச்சு வேலன்னா ரெண்டு நாளு ஆவும் மொதலாளி."

"ரெண்டு மணி நேரமா? அத மொதல்ல சொல்றதுக்கென்ன?"

பதினான்கு மனுக்களில் எழுதி, பத்து நிமிஷம் வாயாலும் சொன்ன சரித்திரமெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. இரண்டு மணி நேரம் ஏறியது.

இரண்டு மணி நேரம் மூன்றேகால் ஆயிற்று. ஆறு இடங்களில் கோலை வைத்துப் பார்த்த பிறகே ஆணி அடிக்க விட்டேன். மாலை 4.40-க்குப் பதினொரு பேர் சங்கிலி போட்டு எஞ்சினை ஏற்றினார்கள். நான்கு சக்கரங்களும் உட்கார்ந்தன. வெளியே ஒரு தண்டவாளம் எதற்கும் உதவாமல் கிடக்கிறது. ஏன் மூன்று என்று பார்ப்பவர்கள் கேட்பார்கள். சொல்ல அங்கே யாரும் இருக்கப்போவதில்லை. கல்வெட்டில் எஞ்சினைப் பற்றி ஒரு வரி, குழுவினரைப் பற்றி ஒன்பது வரி.

புறப்படும்போது காசிம் கேட்டார்: "வெட்ட நெரப்பிடட்டா மாமா? தேச்சி பெயிண்ட் அடிச்சா ஒருத்தருக்கும் தெரியாது."

"வேண்டாம். துருப்பிடிக்காமல் எண்ணெய் மட்டும் தடவுங்கள்."

"அசிங்கமா கெடக்குமே."

"கிடக்கட்டும். அதுவும் இந்த எஞ்சினுக்கு நடந்ததுதான்."

ரத்தினம் மறுநாள் விழாவுக்கு அழைப்பிதழ் ஒன்றை என் கையில் திணித்தார். அதை மடித்து வெட்டுக்குள் செருகி, ஆழத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். முக்கால் அங்குலம்.

விழாவுக்கு நான் போகவில்லை. அழைப்பிதழ் கடலூரில், என் குறிப்பேட்டில், பதினேழாவது மதகுக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது.