அந்தோனியாருக்கு ஒரு தேங்காய்

“அப்பா, படகு இன்னும் வரேல்லை. கூரையில்லாத பழைய தேவாலயத்துக்குள்ளை ஒதுங்கி நிக்கிறம்.” அயர்லாந்துத் தீவொன்றிலிருந்து மகள் பேசினாள். ஒஸ்லோ ட்ராமில் இருந்த என் காதுக்குள், அந்தச் சுவர்களுக்கிடையில் சுழன்ற காற்று ஊதியது.

அதே ஓசைதான். யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் இடிந்த தேவாலயம், உப்பு மணக்கும் முருகைக்கல், பவளக்கல், சுவர், கூரையிருந்த இடத்தில் மெல்ல நகரும் முகில். பக்கத்து வீட்டு மேரி அக்காவோடு போயிருந்தேன். அப்போது எனக்கு வயது எட்டு, வீரம் அதைவிடக் குறைவு. கடைசிப் படகு போய்விட்டதென்று நினைத்து அலறினேன்.

“அந்தோனியாரே, காப்பாத்தும்! தேங்காய் உடைக்கிறன்!”

மேரி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. “டேய், அவருக்கு மெழுகுதிரியடா!”

“அப்பா, படகு தெரியுது!” என்றாள் மகள். “அதுசரி, ஆருக்குத் தேங்காய் உடைக்கப் போறீங்கள்?”

ட்ராம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.