பைகள் நின்ற வரிசை

சினிமா படிக்கப் போகிறேன் என்றபோது அப்பா, அதில் பென்ஷன் உண்டா என்று மட்டும் கேட்டார். எழுபதுகளின் கடைசி. டில்லி மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில் மற்றக் கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படிப்பு முடிய ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். நான் எங்கள் காலனி பால் பூத்தை எடுத்தேன். குளிர்காலத்தில் விடியுமுன்பே அங்கே வரிசை நிற்கும். ஆட்கள்தான் நிற்க மாட்டார்கள். பை, செங்கல், நசுங்கிய தூக்குவாளி என்று எதையாவது வைத்துவிட்டுப் போய் ரஜாய்ப் போர்வைக்குள் புகுந்துகொள்வார்கள். பூத் திறக்கும்போது வந்து அவரவர் பைக்குப் பக்கத்தில் நின்றால் போதும். ஜாயின்ட் செகரட்டரியே வந்தாலும் ஒரு குமாஸ்தாவின் செங்கல்லைத் தாண்ட முடியாது. பனியில் நின்ற அந்தப் பைகளில் நான் மனிதனின் இல்லாமையைக் கண்டேன். அப்போது எனக்குத் தாடி இருந்தது. எதைப் பார்த்தாலும் ஏதாவது ஒன்றின் இல்லாமை தெரிந்தது.

ஒலி சேர்க்காமல் வெட்டி ஒட்டிய முதல் பிரதி தயாரானது. படத்தோடு சம்பந்தமில்லாதவர்களுக்குப் போட்டுக் காட்டு, அவர்கள் பேசும்போது நீ வாயைத் திறக்காதே என்றார் என் பேராசிரியர். விளக்கம் சொன்னால் படம் தோற்றது என்று அர்த்தமாம். சம்பந்தமில்லாதவர்களுக்கு நான் எங்கே போவேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரவல் புரொஜெக்டரை வைத்து, எங்கள் வீட்டுச் சுவரில் அப்பாவின் வேட்டியைக் கட்டி, காலனித் தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டேன். அம்மா கேசரி கிளறியிருந்தாள். படத்தின் மீது அவளுக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு.

மனிதனின் இல்லாமையை யாரும் கவனிக்கவில்லை. அது உங்க செங்கல், இது எங்க பை என்று அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது எதிர் வீட்டு அத்தை திரையில் வந்தார். திருநெல்வேலிக்காரர், நான்கு பேர் பேசும் இடத்தில் ஐந்தாவதாகப் பேசாதவர். வரிசையின் கடைசியில் கிடந்த தன் பையை எடுத்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், பையைக் கொண்டுபோய் முதலில் வைத்தார்.

 கீழ் வீட்டு செக்‌ஷன் ஆபீசர் கும்பகோணத்துக்காரர். கல்யாணமான பெண்கள் எல்லாரும் அவருக்கு மாமிதான். "என்ன மாமி, இப்படி ஒரு குறுக்கு வழி இருக்குன்னு எங்களுக்குச் சொல்லவே இல்லையே?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். தன் பை முதலிலேயேதான் இருந்தது, ஏதாவது நாய் இழுத்துப் போட்டிருக்கும் என்று அத்தை மெதுவாகச் சொன்னார். நாய்க்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

நாய் உண்மை. முதலில் இருந்த அந்தப் பையை அது காதைக் கவ்வி இழுத்துக்கொண்டு போய், கடைசியில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து சொறிந்துகொண்டது. முழுவதையும் எடுத்திருந்தேன். என் தத்துவத்தில் சொறிவதற்கு இடமில்லை என்று வெட்டிவிட்டேன். அத்தை இரண்டு பக்கமும் பார்த்தது அந்த நாயைத் தேடித்தான். நாயை வெட்டிவிட்டதும் அதே பார்வை திருட்டுமுழி ஆகிவிட்டது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பேராசிரியரின் விதி நினைவுக்கு வந்தது, மூடிக்கொண்டேன். கோழைக்கு ஒரு விதி கிடைத்தால் அதைவிட வசதி வேறில்லை.

கருத்துகள் தாராளமாக வந்தன. ஒரு பாட்டு வைக்கலாம். குதுப்மினாரைக் காட்டலாம். செக்‌ஷன் ஆபீசர், சில திருத்தங்களுக்கு உட்பட்டு அங்கீகரிக்கலாம் என்று ஃபைலில் எழுதுவதுபோலச் சொன்னார். அத்தை கேசரிக் கிண்ணத்தைத் தொடாமல் எழுந்து போனார்.

மறுநாள் பால் வாங்கப் போனபோது வரிசையில் அவர் பை இல்லை. அடுத்த நாளும் இல்லை. அவர் கணவர் ஆபீசுக்குப் போகும் அவசரத்தில் கடைசி ஆளாக வந்து நின்றார். பால் தீர்ந்துபோய் வெறுங்கையோடு திரும்பினார். யாரோ, வீட்டில் சொல்லிப் பையை முன்னால் வைக்கச் சொல்லுங்கள் சார் என்றார்கள். எனக்கு வந்த கருத்துகளிலேயே உபயோகமானது, வரிசையில் ஒரு பை குறைந்ததுதான்.

எடிட்டிங் அறையில் வெட்டிப் போட்ட துண்டுகள் ஒரு சாக்கில் கிடந்தன. கொட்டி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாயைக் கண்டுபிடித்து ஒட்டினேன். பேராசிரியர் பார்த்தார். நாய் வந்ததும் படத்தின் கனம் போய்விட்டது, பரீட்சைக்கு இதை வைக்காதே என்றார். அவர் சொன்னது சரி. கனம் போய்விட்டது. ஆனால் யாருடைய தலையில் அந்தக் கனத்தை வைத்திருந்தேன் என்பது எனக்குத் தெரியும். நாயை மறுபடி வெட்டவில்லை. கிடைத்த மார்க்கைப் பற்றி அப்பாவிடம்கூட நான் பேசியதில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் சுவரில் வேட்டியைக் கட்டினேன். அத்தையை அழைத்துவர அம்மாவே போனாள். ரொம்ப நேரம் கழித்து இருவரும் வந்தார்கள். திரையில் நாய் பையை இழுத்தது, உட்கார்ந்தது, சொறிந்தது. கூடமே குலுங்கியது. அத்தை வந்து இரண்டு பக்கமும் பார்த்தபோது ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

விளக்கைப் போட்டதும் செக்‌ஷன் ஆபீசர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அச்சா மாமி, கேஸ் க்ளோஸ்" என்றார்.

அத்தை அவரைப் பார்க்கவில்லை. என்னிடம் சொன்னார்: "போன வாட்டி எல்லாரும் சிரிச்சியளே தம்பி, அதையும் சேத்து எடுத்திருக்கணும்."

அதை எடுக்க என்னிடம் ஃபிலிம் மிச்சமில்லை. இருந்திருந்தாலும் எந்தப் பக்கம் நின்று எடுப்பது என்று எனக்குத் தெரிந்திருக்காது.