கடன்பட்டவன் கையில் கழுத்து

சபரி ஐசக்குக்கு எழுபதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியது. பாதி அடைந்து பாதி நின்றது.

ஐசக் அண்ணாச்சி வட்டி வாங்குகிற ஆள் கிடையாது. பத்திரம் கித்திரம் எதுவும் எழுதவும் மாட்டார். அவர் வழக்கமே வேறு. கடன்பட்டவன் எங்கே எதிர்ப்பட்டாலும், பக்கத்தில் யார் நின்றாலும், பாக்கி எவ்வளவு என்று தன் வாயாலேயே சத்தமாகச் சொல்லவேண்டும். சிஞ்ச்வட் ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் தின்றுகொண்டே சொன்னவன் உண்டு. மாமனார் வீட்டு ஆட்கள் முன்னால் சொன்னவனும் உண்டு. அவர் பணம் மூழ்கியதாகச் சரித்திரமே இல்லை.

அப்படி நடக்க அவருக்கு யோக்கியதை இருந்தது. நாசரேத் பக்கத்திலிருந்து ஐந்தாம் வகுப்போடு சிஞ்ச்வட்டுக்கு ரயிலேறியவர். எவனோ ஒருவன் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டி, லேத்தில் நின்று, கடைசியில் சொந்தமாகப் பதினோரு மெஷின் போட்டார். பெரிய படிப்பு படித்தவனெல்லாம் ஆர்டர் கொடுக்க அவர் வாசலில்தான் வந்து நிற்பான். படிப்பு வாங்கித் தராத மரியாதையைக் கை வாங்கித் தரும். கஷ்டப்பட்டவனுக்கு அது தெரியும்.

இந்த மழைக்கு பட்டறைத் தகரம் ஒழுகியது. ஆட்களை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு அவரே ஏணியில் ஏறினார். விழுந்தார். கழுத்தெலும்பில் விரிசல்.

ஆஸ்பத்திரியில் கழுத்துக்குப் பட்டை மாட்டி, ஆப்பரேஷன் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா அவரிடமும் மனைவி எல்சியிடமும் விவரம் சொன்னாள். மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்கவேண்டும். பழைய கருவியென்றால் தலையைப் பின்னால் சாய்த்தால்தான் உள்ளே தெரியும். இந்தப் புதுக் கருவியில் நுனியிலேயே கேமரா. வளைவுக்கு அந்தப் பக்கம் இருப்பதையும் டிவியில் காட்டிவிடும், கழுத்து அவ்வளவாக அசையாது. ஆனால் அசையவே அசையாது என்று எந்தக் கருவியை வைத்தும் சத்தியம் பண்ணமுடியாது. அதனால் ஓர் ஆள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான். இதையெல்லாம் சொல்லிவிட்டு, தன் விரல்களை நீட்டி இறுக்கச் சொன்னாள். லேத் பிடித்த கையல்லவா, டாக்டரம்மா முகம் சுளித்துவிட்டாள். ஐசக்குக்குப் பரம திருப்தி.

ஆப்பரேஷன் அறையில் பட்டையின் முன்பக்கத்தைக் கழற்றினார்கள். காதுகளுக்குக் கீழே இரண்டு குளிர்ந்த கைகள் வந்து பொருந்தின. ஐசக் மேலே பார்த்தார். முகமூடிக்கு மேலே சபரியின் கண்கள். அவனுக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று தெரியும். இந்த வேலை என்று தெரியாது.

வேறு யாராயிருந்தாலும் வாயை மூடிக்கொண்டு கிடந்திருப்பான். ஐசக்கா கிடப்பார்?

"ஏலே சபரி, பாக்கி எவ்வளவுலே?"

அங்கே தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. அதனால் இந்தியில் சொல்லச் சொன்னார். முப்பத்தைந்தாயிரம் என்று சபரி இந்தியில் சொன்னான். எதற்கு என்று ஒரு நர்ஸ் கேட்டாள், அதையும் சொல்லவைத்தார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அவர் மயங்கிப்போனார்.

விழித்தபோது வலது கை தலையணைமேல் விரிந்து கிடந்தது. மூடப் பார்த்தார். மூடவில்லை. விழுந்த அடியில் தண்டுவடம் வீங்கியிருக்கலாம், போகப்போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றாள் டாக்டரம்மா. ஐசக்குக்கு அது ஏறவில்லை. விழுந்த பிறகும் இறுக்கிக் காட்டிய கை இது. நடுவில் கழுத்தைப் பிடித்தவன் ஒருத்தன்தான். எல்சி வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியும் கேளாமல் அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

சபரி வந்து கட்டிலருகே நின்றான்.

"கழுத்தை அசைச்சியாலே?"

"தெரியலை அண்ணாச்சி."

"பிடிச்சவன் நீ. உனக்குத் தெரியாதா?"

"எப்பவும் கழுத்தைப் பாத்துக்கிட்டேதான் பிடிப்பேன். அன்னைக்கு டாக்டரம்மா டிவியைப் பாத்தாங்க, நர்ஸும் டிவியைப் பாத்தா. நானும் டிவியையே பாத்துட்டேன்."

"ஏம்லே?"

"உங்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலை."

எல்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மேலிடத்தில் சொல்லி உன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறேன் என்று ஐசக் கத்தினார். கத்தல் பாதியிலேயே இருமலானது. சபரி அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தான்.

"சொல்லுங்க. டியூப் அழகா இறங்குச்சுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. கழுத்தைப் பாத்தவங்க அங்க யாரும் கிடையாது. நான் அசைச்சேனா இல்லையான்னு நீங்க சாகுறவரைக்கும் யோசிச்சுக்கிட்டே கிடங்க. எனக்கும் தெரியாது."

பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு நோட்டுக்கட்டை எடுத்தான். ஆஸ்பத்திரி ஊழியர்களின் பத்பேடி என்கிற கடன் சங்கத்தில் அன்று காலைதான் கடன் எடுத்திருந்தான். அங்கே வட்டி உண்டு, வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. எல்சி கை நீட்டினாள். அவளிடம் கொடுக்கவில்லை. ஐசக்கின் வலது உள்ளங்கையை மேலே திருப்பிவைத்து, ஐநூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி அதில் அடுக்கினான். ஐசக்கால் அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை. முப்பத்தைந்தாயிரமும் எண்ணி முடியும்வரை அது விரிந்தபடியே வாங்கிக்கொண்டிருந்தது.